அம்மாவுக்கு மூன்று விசா, நான்கு கட்டணம்

எனக்குப் புரூஃப் பார்க்கிற வேலை. பாடநூல், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள், கம்பெனி ஆண்டறிக்கை என்று 26 வருடமாக அடுத்தவர் பிழையைத் தேடிச் சம்பாதிக்கிறேன். அதனாலேயே வீட்டில் எந்தப் படிவம் வந்தாலும் என் மேஜைக்குத்தான் வரும். கடந்த இரண்டு வருடத்தில் நான், அம்மா, மகள் மூவரும் மூன்று நாடுகளுக்குப் போய்வந்தோம். மூன்றுக்கும் இணையத்திலேயே விசா எடுத்தோம், ஒரு தூதரக வாசலையும் மிதிக்கவில்லை. அதில் அம்மாவுக்கு மட்டும் நான்கு தடவை கட்டணம் கட்டினேன். அந்தக் கதைக்கு வருகிறேன். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் பயணம் வியட்நாம். அங்கே மீ சன் என்ற இடத்தில் சாம் இன மன்னர்கள் கட்டிய சிவன் கோயில்கள் இடிந்தும் இடியாமலும் நிற்கின்றன என்று அம்மா எங்கோ படித்துவிட்டார். பார்த்தே ஆக வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார். 2023 ஆகஸ்ட் 15 முதல் வியட்நாம் எல்லா நாட்டவருக்கும் இ-விசா தருகிறது. 90 நாள் வரை தங்கலாம். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை போய்வர 50 டாலர். விசா கிடைக்காவிட்டாலும் கட்டிய பணம் திரும்ப வராது.

படிவம் நீளமானது, ஆனால் குழப்பமில்லாதது. முகப் படம் ஒன்று, பாஸ்போர்ட்டின் தகவல் பக்கம் ஒன்று என இரண்டு படம் ஏற்ற வேண்டும். அப்புறம் தங்கப்போகும் முகவரி, எந்த விமான நிலையம் வழியாக உள்ளே, எது வழியாக வெளியே என்பதையெல்லாம் முன்கூட்டியே தேர்ந்தெடுக்க வேண்டும். முகப் படத்தில் மூக்குக் கண்ணாடி கூடாது. கண்ணாடி இல்லாத தன் படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இது யாரு, என் அக்கா மாதிரி இருக்கு?" என்றார் அம்மா. பணம் கட்டி முடித்ததும் ஒரு பதிவுக் குறியீடு வருகிறது. அந்தக் குறியீடு, மின்னஞ்சல், பிறந்த தேதி மூன்றையும் கொடுத்தால் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். திங்கள்கிழமை போட்டோம், வியாழன் மாலை மூவருக்கும் பிடிஎஃப் தயாராக இருந்தது.

இரண்டாவது கென்யா. தம்பி நைரோபியில் வேலை பார்க்கிறான். இனிமேல் கென்யாவுக்கு விசாவே வேண்டாம் என்று அந்த அரசு அறிவித்தபோது அவன் உற்சாகமாகப் போன் செய்தான். 2024 ஜனவரியில் அந்த முறை நடைமுறைக்கு வந்தது. விசா வேண்டாம், சரி. ஆனால் கிளம்பும் முன் இணையத்தில் பயண அனுமதி வாங்க வேண்டும், அதற்கு 30 டாலரும் அதன்மேல் ஒரு சிறு தொகையும் கட்ட வேண்டும், குழந்தைகளுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். "பேரைத்தான் மாத்தியிருக்காங்க" என்றாள் மகள். பெயர் எதுவானாலும் வேலை சுலபமாகவே முடிந்தது. விமான டிக்கெட், தம்பி வீட்டு முகவரி, அவன் எழுதித் தந்த அழைப்புக் கடிதம், படம், இவ்வளவுதான். மூன்று வேலை நாள் என்றார்கள், இரண்டே நாளில் வந்துவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் என்னைக் கேட்கிறவர்களில் பாதிப் பேர் இதில்தான் குழம்புகிறார்கள். இ-விசா என்பது முழு விசாதான், பாஸ்போர்ட்டில் ஒட்டுகிற ஸ்டிக்கர் மட்டும்தான் இருக்காது. மின்னணுப் பயண அனுமதி என்பது பெரும்பாலும் விசா தேவையில்லாத நாட்டவரை விமானம் ஏறும் முன்பே சரிபார்த்துக்கொள்கிற ஏற்பாடு. 1996லேயே ஆஸ்திரேலியா இதைத் தொடங்கிவிட்டது. அப்போது டிக்கெட் போடும் டிராவல் ஏஜென்டே தன் கம்ப்யூட்டரில் அதையும் தட்டிவிடுவார். அமெரிக்கா 2009 ஜனவரியிலிருந்து இதைக் கட்டாயமாக்கியது. கனடாவில் இதற்கு 7 கனடா டாலர்தான், ஐந்து வருடம் செல்லும், நடுவில் பாஸ்போர்ட் காலாவதியானால் அதோடு சரி. மூன்றாவதாக வருகை அட்டை என்று ஒன்று இருக்கிறது. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றும் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இதை இணையத்தில் நிரப்பச் சொல்கின்றன. தாய்லாந்தில் இது 2025 மே 1 முதல். இது விசாவும் இல்லை, இதற்குக் காசும் இல்லை. இலவசமான இந்த அட்டையை நிரப்பித் தருகிறோம் என்று காசு கேட்கிற தளங்கள் தேடுபொறியில் மேலேயே நிற்கின்றன.

அப்படி ஒரு தளத்தில் நானே மாட்டினேன். வியட்நாமுக்கு முதல் தடவை தேடியபோது மேலே வந்ததை அழுத்திவிட்டேன். அந்நாட்டுக் கொடி, தாமரைப் படம், பார்க்க அரசாங்கத் தளம் போலவே இருந்தது. உண்மையைச் சொன்னால், அரசாங்கத் தளத்தைவிட அழகாகவே இருந்தது. சந்தேகம் வந்தது அங்கேதான். மூலையில் ஒரு கடிகாரம், இன்னும் 14 நிமிடத்தில் இந்தக் கட்டணம் காலாவதியாகும் என்று குறைந்துகொண்டே வந்தது. எந்த அரசாங்கம் இவ்வளவு அவசரப்படும்? கடைசிப் பக்கத்தில் ஆளுக்கு 89 டாலர். அடியில் பொடி எழுத்தில், நாங்கள் எந்த அரசோடும் தொடர்புடையவர்கள் அல்ல என்று ஒரு வரி. பொடி எழுத்தைப் படிப்பதுதான் என் பிழைப்பு, அதனால் 89 டாலர் தப்பியது. ஆனால் அதற்குள் என் பாஸ்போர்ட் எண்ணும் பிறந்த தேதியும் அவர்கள் கையில் போய்விட்டன. அடுத்த ஒரு மாதம், விண்ணப்பத்தை முடிக்கவில்லையே என்று வாரத்துக்கு இரண்டு மின்னஞ்சல் வந்தது.

முகவரியில் ஜி.ஓ.வி. இருந்தால் அரசுத் தளம் என்று சொல்வார்கள். வியட்நாம், துருக்கி, கம்போடியா, இலங்கைக்கு அது சரி. கென்யாவில் வெறும் ஜி.ஓ. என்றுதான் இருக்கும். கனடாவில் அதுவும் கிடையாது. அதோடு ஜி.ஓ.வி. என்ற எழுத்துகளை முகவரியின் நடுவில் யார் வேண்டுமானாலும் செருகலாம், கடைசியில் நாட்டுக் குறியீட்டை ஒட்டி வருகிறதா என்பதே கணக்கு. நான் இப்போது தேடுபொறிப் பக்கமே போவதில்லை. அந்த நாட்டின் குடிவரவுத் துறை அல்லது வெளியுறவு அமைச்சகத்தின் பக்கத்துக்குப் போய், அங்கே இருக்கிற இணைப்பை அழுத்துகிறேன்.

இனி மூன்றாவது நாடு. பெயர் சொல்லவில்லை. நான் போட்ட பிறகு தளத்தைத் திருத்தியிருக்கலாம்.

அங்கே படிவம் ஏழு பக்கம். ஒவ்வொரு பக்கத்துக்கும் கால வரம்பு. அம்மாவின் பழைய பாஸ்போர்ட்டை எடுக்க அலமாரிவரை போய்த் திரும்புவதற்குள் முதல் பக்கத்துக்குத் தள்ளிவிட்டது. பாதியில் சேமித்து வைக்க வழியில்லை. மூன்றாவது முறை எல்லாவற்றையும் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஓட்டமாக ஓடி நிரப்பினேன். புரூஃப் பார்க்கிறவர்கள் செய்யக்கூடாத முதல் காரியம் இதுதான். தொழிலில் நாங்கள் இரண்டு பேராக உட்காருவோம். ஒருவர் மூலப்படியை எழுத்தெழுத்தாகச் சத்தம் போட்டுப் படிப்பார், மற்றவர் அச்சுப்படியில் விரல் வைத்துப் போவார். அன்றைக்கு மகள் கல்லூரியில் இருந்தாள். நானே படித்து நானே சரி என்றேன். கட்டணம் கட்டினேன். மறுநாளே விசா வந்தது. வேகத்துக்குக் குறை சொல்ல முடியாது.

ஒரு வாரம் கழித்து, பெட்டி கட்டுகிற அன்று, மகள்தான் ஆரம்பித்தாள். "அம்மா, நீ படி, நான் பாக்கிறேன்." அம்மாவின் பாஸ்போர்ட்டை நான் படிக்க, விசாவில் அவள் விரல் வைத்துப் போனாள். நான்காவது எழுத்தில் விரல் நின்றது. நான் சுழியம் என்று படித்தேன். விசாவில் இருந்தது ஆங்கில எழுத்து ஓ.

அதில் என்ன பெரிய வித்தியாசம் என்று மனிதர்கள் கேட்கலாம், கம்ப்யூட்டர் கேட்காது. அதற்கு அது வேறு பாஸ்போர்ட். பயணத்துக்கு ஐந்து நாள். அந்தத் தளத்தில் பணம் கட்டிய பிறகு திருத்துவதற்கென்று ஒரு பொத்தானும் இல்லை. உதவிக்கு மின்னஞ்சல் எழுதினேன். உங்கள் செய்தி எங்களுக்கு முக்கியமானது என்று தானியங்கி பதில் ஒன்று வந்தது. இரண்டாவது நாள் மறுபடி எழுதினேன், அதே பதில் மறுபடி வந்தது, அதே முக்கியத்துவத்தோடு. மூன்றாவது நாள் அம்மாவுக்குப் புதிதாக விண்ணப்பித்து மறுபடி பணம் கட்டினேன். கிளம்புவதற்கு முந்தின நாள் இரவு பத்தரை மணிக்கு வந்தது. மகளும் நானும் அதை மூன்று தடவை ஒப்பிட்டுப் படித்தோம்.

தப்பு என்னுடையது, மறுக்கவில்லை. ஆனால் எனக்கு ஆத்திரம் வந்த இடம் வேறு. பாஸ்போர்ட்டின் தகவல் பக்கத்தில் அடியில் இரண்டு வரி இருக்கும், வரிக்கு 44 இடம். எழுத்து, எண், நடுநடுவே < என்ற கோணக் குறிகள். அதற்குள் ஒரு புரூஃப் ரீடர் உட்கார்ந்திருக்கிறார். பாஸ்போர்ட் எண் முடிந்தவுடன் வருகிற ஓர் இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். எண்ணின் ஒவ்வோர் இடத்தையும் வரிசையாக 7, 3, 1 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டி, பத்தால் வகுத்தால் வருகிற மீதிதான் அது. எழுத்துகளுக்கும் மதிப்பு உண்டு, ஏ என்றால் 10, இசட் என்றால் 35. பிறந்த தேதிக்கும் காலாவதித் தேதிக்கும் இதேபோல் தனித்தனி இலக்கம். சுழியத்துக்குப் பதில் ஓ அடித்தால் கணக்கு இடிக்கும். எட்டுக்குப் பதில் பி அடித்தாலும் இடிக்கும். உலகம் முழுக்கப் பாஸ்போர்ட்டில் இந்த ஏற்பாடு இருக்கிறது. படிவத்தில் எண்ணோடு அந்த ஓர் இலக்கத்தையும் கேட்டிருந்தால், பணம் கட்டும் முன்பே சிவப்பாகக் காட்டியிருக்கும். இல்லை, நான் ஏற்றிய பாஸ்போர்ட் படத்திலிருந்து அந்த இரண்டு வரியைத் தளமே படித்துக்கொண்டிருக்கலாம்.

படிக்கிற தளங்களும் செயலிகளும் இல்லாமல் இல்லை. என் தோழி தன் சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு ஆஸ்திரேலியப் பயண அனுமதி வாங்கியபோது பக்கத்தில் இருந்தேன். அதற்கென்று உள்ள செயலியில், பாஸ்போர்ட்டை போன் கேமரா முன் காட்டினாள், அப்புறம் அதன் மேலேயே போனை வைத்து உள்ளே இருக்கிற சில்லையும் படிக்கவிட்டாள். பெயர், எண், தேதி எதையும் தட்டச்சு செய்யவே இல்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

பல வருடம் முன்பு ஒரு தூதரக கவுன்டரில் அம்மாவுக்கும் எனக்கும் நான்கு மணி நேரம் போனது. எங்கள் முறை வந்ததும் அந்த ஊழியர் படிவத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பிறந்த வருஷம் தப்பா போட்டிருக்கீங்கம்மா, அடிச்சிட்டு மேலே எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்று பேனாவை நீட்டினார். பத்து விநாடி வேலை. இணைய விசாவில் அந்த நான்கு மணி நேரம் மிச்சம், அந்தப் பத்து விநாடியும் போய்விட்டது. அந்தச் சரிபார்க்கிற வேலையைத் தளம் செய்யலாம், ஆனால் பெரும்பாலும் அது விண்ணப்பிக்கிறவர் தலையில் விழுகிறது. ஒரு தளத்தை மதிப்பிடச் சொன்னால், விசா எத்தனை நாளில் வருகிறது என்பதை நான் இப்போது கேட்பதில்லை. தப்பு செய்தால் என்ன ஆகும் என்பதைத்தான் கேட்கிறேன்.

பெயர்ப் பெட்டி இன்னொரு தலைவலி. அம்மாவின் பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர்தான். படிவங்களில் குடும்பப் பெயர் ஒரு பெட்டி, சொந்தப் பெயர் ஒரு பெட்டி, இரண்டிலும் நட்சத்திரக் குறி, காலியாக விடக்கூடாது. சில தளங்கள் ஒரே பெயரை இரண்டு பெட்டியிலும் போடச் சொல்கின்றன. அமெரிக்க விசாவில், சொந்தப் பெயர் இல்லாவிட்டால் எஃப்என்யு, அதாவது பெயர் தெரியாது என்று பொருள்படும் மூன்று எழுத்து விழும். இது வெறும் படிவச் சிக்கல் என்று நினைத்துவிடாதீர்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு வருகை விசாவில் வருகிறவர்களை ஏற்கமாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. குடும்பப் பெயர் உள்ளவர்களுக்கு எது எங்கே என்ற சந்தேகம் வந்தால், அந்த இரண்டு வரியில் முதல் வரியைப் பாருங்கள். நாட்டுக் குறியீட்டுக்கு அடுத்து, இரட்டைக் கோணக் குறிக்கு முன்னால் வருவது குடும்பப் பெயர். அதற்குப் பிறகு வருவது சொந்தப் பெயர். டிக்கெட்டிலும் அதே வரிசையில் இருக்கட்டும்.

படம் ஏற்றுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தம்பி மனைவி கென்யக்காரர். அவருக்கு இந்தியாவின் இ-விசா நான்தான் போட்டுக் கொடுத்தேன். முகப் படம் சதுரமாக, ஜேபெக் வடிவில், 10 கேபியிலிருந்து 1 எம்பிக்குள். பாஸ்போர்ட் பக்கம் மட்டும் பிடிஎஃப் வடிவில், 10 முதல் 300 கேபிக்குள். போனில் எடுத்த படம் 4 எம்பி. மகள் அதைச் சுருக்கினாள், எழுத்து மங்கியது. பெரிதாக்கினாள், அளவு தாண்டியது. வெயில் விழும் ஜன்னலோரம் பாஸ்போர்ட்டை வைத்து, அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டி, கறுப்பு வெள்ளையாக்கியதும் 212 கேபியில் தெளிவாக வந்தது. அந்தக் கோப்பை அழிக்காமல் வைத்திருக்கிறேன். முகப் படத்தை மட்டும் நாட்டுக்கு நாடு மாற்ற வேண்டியிருக்கிறது. ஒன்று சதுரம் கேட்கும், வியட்நாம் நாலுக்கு ஆறு சென்டிமீட்டர் கேட்கும்.

பணம் கட்டும்போது கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். சுழன்றுகொண்டே இருந்தால் உடனே மறுபடி அழுத்தாதீர்கள், வங்கியின் குறுஞ்செய்தி வந்ததா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

விசா வந்த பிறகு பிரிண்ட் எடுத்துவிடுங்கள், ஆளுக்கு இரண்டு. போனில்தான் இருக்கிறதே என்று மகள் சொன்னாள். விமான நிலையத்தில் முதலில் அதைக் கேட்பது அந்த நாட்டு அதிகாரி இல்லை, விமானக் கம்பெனியின் கவுன்டர் ஊழியர். சரியான ஆவணம் இல்லாதவரை ஏற்றிச் சென்றால் திருப்பி அழைத்துவரும் பொறுப்பும் பல நாடுகளில் அபராதமும் கம்பெனி தலையில் விழும். அதனால் அவர்கள் டைமாட்டிக் என்ற தரவுத்தளத்தில் உங்கள் பாஸ்போர்ட்டுக்கு அந்த நாட்டில் என்ன தேவை என்று பார்த்துத்தான் போர்டிங் பாஸ் தருவார்கள். எங்கள் கவுன்டரில் இருந்த பெண் அம்மாவின் விசா தாளை வாங்கி, பாஸ்போர்ட்டை அருகில் வைத்து, பேனா முனையால் ஒவ்வோர் இலக்கமாகத் தொட்டுப் பார்த்தார். நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். நல்ல புரூஃப் ரீடராக வந்திருப்பார்.

மதிப்பெண் போடுவதென்றால் வியட்நாமுக்கு ஐந்துக்கு நாலு, கென்யாவுக்கும் நாலு. மூன்றாவது நாட்டுக்கு வேகத்துக்காக இரண்டு. அம்மாவின் முதல் விசாவைத் தூக்கிப்போட மனம் வரவில்லை, ஓவைச் சுற்றிச் சிவப்பு மசியில் வட்டம் போட்டு, ஓரத்தில் திருத்தக் குறியோடு ஃபைலில் வைத்திருக்கிறேன். திரும்பி வந்த மறுவாரம் அந்தத் தளத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. அனுபவம் எப்படி இருந்தது, கருத்தை எழுதுங்கள் என்றார்கள். உட்கார்ந்து விரிவாக எழுதினேன். அனுப்பப்போனால், 200 எழுத்துக்கு மேல் கூடாது என்றது. சுருக்க ஆரம்பித்தேன், அதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று முதல் பக்கத்துக்குத் தள்ளிவிட்டது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.